வெள்ள வரைபடத்தைத் திருத்த கன்சல்டன்ட்டுக்கு இவ்வளவு பணமா?

கரைவீட்டுக்காரர்:
எங்கள் நகராட்சி வெள்ள அபாய வரைபடத்தைத் திருத்தும் வேலையை ஒரு பொறியியல் கன்சல்டன்ட் நிறுவனத்துக்குக் கொடுத்திருக்கிறது. தொகையைப் பார்த்ததும் தலை சுற்றியது. செயற்கைக்கோள் படம் இலவசமாகக் கிடைக்கிறது, நகராட்சியிலேயே பொறியாளர்கள் சம்பளம் வாங்குகிறார்கள், அப்புறம் வெளியாள் எதற்கு? என் வீடு இப்போது வரைபடத்தின் வெள்ள எல்லைக் கோட்டுக்கு நாலு வீடு தள்ளித்தான் இருக்கிறது. புதுக் கோட்டுக்குள் வந்துவிட்டால் விற்பதும் கஷ்டம், காப்பீடும் ஏறும் என்கிறார்கள். இது தேவையான வேலைதானா, இல்லை யாருக்கோ காசு போகிற வழியா?

மட்டக்கோல்:
இந்த வேலையில் சில வருடம் இருந்தேன். கோடு போடுவதெல்லாம் கடைசியில்தான். அதற்கு முன்னால், இவ்வளவு மழைக்கு ஓடையில் எவ்வளவு தண்ணீர் வரும், அந்தத் தண்ணீர் எந்த மட்டம் வரை ஏறும் என்று இரண்டு கணக்கு போட்டாக வேண்டும். விமானத்திலிருந்து லேசர் கதிர் அடித்து அளக்கும் லைடார் தரை உயரத்தை நன்றாகவே தரும், ஆனால் வழக்கமான லைடார் கதிர் தண்ணீருக்கு அடியில் போகாது, ஆகவே ஓடையின் அடி மட்டத்துக்கு ஆள் இறங்கித்தான் ஆக வேண்டும். முழங்கால் சேற்றில் மட்டக்கோலைப் பிடித்துக்கொண்டு ஒரே ஒரு குறுக்குவெட்டுக்கு அரை நாள் நின்றிருக்கிறேன்.

மென்பொருளுக்குக் காசு இல்லை. அமெரிக்க ராணுவப் பொறியாளர் படையின் ஹெக்-ராஸ் இலவசம்தான். அதில் என்ன எண் போடுவது என்று தெரிந்த ஆளுக்குத்தான் காசு. மேனிங் கெழு என்று ஒன்று உண்டு, ஓடை எவ்வளவு சொரசொரப்பு என்பதற்கான எண். சுத்தமான மண் ஓடைக்கு 0.03 பக்கம், புதர் மண்டிக் கிடந்தால் 0.1 வரைகூடப் போகும். அகலமான ஓடையில் இந்த எண் இரட்டிப்பானாலே தண்ணீரின் ஆழம் ஏறக்குறைய ஒன்றரை மடங்காகிவிடும்.

சந்தேகப்பேர்வழி:
சரி, அதே எண்ணைக் குறைத்தும் போடலாம் இல்லையா? நகராட்சிக்கு வேலை செய்கிற அதே நிறுவனம்தான் பல நேரம் ஓடையோரம் மனை போடுகிற பில்டருக்கும் செய்யும். நான் முன்பு இருந்த இடத்தில் கணக்கில் ஒரு கல்வர்ட், அதாவது சாலைக்கு அடியில் ஓடைத் தண்ணீர் போகிற குழாய், முழுசாகத் திறந்திருந்தது. நேரில் போய்ப் பார்த்தால் பாதி வண்டல், மீதியில் ஒரு பழைய மெத்தை! மாடல் கோப்பை, அதாவது மென்பொருளில் கணக்கு போட்ட கோப்பை, கேட்டோம், பிடிஎஃப் மட்டும்தான் வாங்கி வைத்திருந்தார்கள். அடுத்த திருத்தத்துக்கு எல்லாம் ஆரம்பத்திலிருந்து, காசும்தான். மாடல் கோப்பும் சர்வே அளவுகளும் நகராட்சிக்கே சொந்தம், வேறொரு நிறுவனம் சரிபார்க்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்று கேளுங்கள். போன வெள்ளம் சுவர்களில் விட்டுப்போன கறையோடு கணக்கை ஒப்பிட்டார்களா என்பதையும். தொகையைப் பற்றிச் சண்டை போடுவது அப்புறம்.

கரைவீட்டுக்காரர்:
மெத்தையை மறக்க மாட்டேன். ஆனால் இந்த வரைபடம் காட்டுகிற 100 வருட வெள்ளம் என்றால் 100 வருடத்துக்கு ஒரு முறைதானே, அதற்கு ஏன் இவ்வளவு பதற்றம்?

மட்டக்கோல்:
அந்தப் பெயர்தான் எல்லாரையும் கெடுக்கிறது. எந்த வருடத்திலும் வருவதற்கு 1 சதவீத வாய்ப்பு, அவ்வளவுதான் அர்த்தம். 30 வருட வீட்டுக் கடன் முடிவதற்குள் ஒரு தடவையாவது வருவதற்கு 26 சதவீதம் ஆகிறது. அந்த மழைக் கணக்கும் நிலையாக நிற்பதில்லை. 2018-ல் அமெரிக்காவின் வானிலை, கடல் ஆய்வு அமைப்பான நோவா டெக்சாஸுக்குப் புதுக் கணக்கு வெளியிட்டபோது ஹூஸ்டனின் 100 வருட மழை, ஒரே நாளுக்கு, 13 அங்குலத்திலிருந்து 18 ஆகிவிட்டது. பழைய 13 அங்குலம் 25 வருட மழை ஆனது. உங்கள் வரைபடம் எந்த வருடத்து மழையை வைத்துப் போட்டது என்று முதலில் பாருங்கள்.

வரைவு வந்ததும் வீட்டுத் தரைமட்டத்தை சர்வே எடுத்து, அவர்கள் சொல்லும் வெள்ள மட்டத்தோடு ஒப்பிடுங்கள். வீடு மேட்டில் இருந்தால் அந்த அளவை வைத்தே ஆட்சேபணை எழுதலாம். வெறும் கோபக் கடிதத்தை யாரும் படிக்க மாட்டார்கள். பக்கத்தில் கல்வர்ட் இருந்தால் இப்போதே தேதியோடு படம் எடுத்து வையுங்கள்.

கரைவீட்டுக்காரர்:
போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். மெத்தை இல்லை. குழாயின் வாயையே காணோம், வண்டல் மேடாகி அதன் மேல் புல் முளைத்திருக்கிறது. படம் எடுத்தாயிற்று.