பக்கவாதம் வந்தபோது எந்த டாக்டர் என்ன செய்தார்? தருமபுரி, கிருஷ்ணகிரி அனுபவங்கள்

பாலக்கோட்டிலிருந்து:

தக்காளித் தோட்டத்தில் ஆட்களோடு நின்றிருந்த அப்பாவுக்குத் திடீரென்று வாய் கோணி, வலது கை தொங்கிவிட்டது. 108-ஐ அழைத்து தருமபுரி பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அவசரப் பிரிவு டாக்டர் விரலில் குத்தி சர்க்கரை பார்த்துக்கொண்டே, "கடைசியா இவரை நல்லபடியா பார்த்தது யாரு, எத்தனை மணிக்கு?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். கூடவே வந்திருந்த பறிப்புக்கார அம்மாதான் சொன்னார்: "பத்தரைக்கு டீ குடிக்கிறப்ப நல்லாத்தான் பேசினாருங்க." அந்த ஒரு வார்த்தையை வைத்துத்தான் மற்றதெல்லாம் நடந்தது. மூளை ரத்தக்குழாயில் உள்ள அடைப்பைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டுமாம்.

சி.டி. ஸ்கேனில் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை என்றார்கள். அப்புறம் எதற்கு ஊசி என்று எனக்குக் கோபமே வந்தது. மருத்துவப் பிரிவு டாக்டர் பொறுமையாக விளக்கினார். ரத்தக் கசிவு இருந்தால் ஸ்கேனில் உடனே வெள்ளையாகத் தெரியும். அடைப்பு முதல் சில மணி நேரத்தில் பல பேருக்குத் தெரியாது. கசிவு இல்லை என்று உறுதி செய்யத்தான் அந்தப் படம். பிரஷரை 185/110-க்குக் கீழே இறக்கி, எடை போட்டு, அதற்கேற்ற அளவில் மருந்தை ஏற்றினார்கள். பிறகு நர்ஸ் கால் மணிக்கு ஒருமுறை பிரஷர் பார்த்துக்கொண்டே இருந்தார். மறுநாள் இன்னொரு ஸ்கேன் எடுத்த பிறகுதான் ஆஸ்பிரின்.

ஈ.சி.ஜி.யில் இதயத் துடிப்பு தாறுமாறாக இருந்ததால் இதய டாக்டரும் வந்தார். மருத்துவப் பிரிவு டாக்டர் மூளையில் அடைத்ததைக் கவனித்தார் என்றால், இவர் அந்த ரத்தக் கட்டி எங்கிருந்து கிளம்பியது என்று தேடினார். இப்போது அப்பா சாப்பிடும் ரத்தம் உறையாத மாத்திரை இவர் எழுதியது.

ஊத்தங்கரையிலிருந்து:

எங்கள் அத்தைக்கு நேர்மாறு. கடுமையான தலைவலி, வாந்தி, அப்புறம் இடது பக்கம் விழுந்துவிட்டது. வீட்டில் ஒருவர் ஆஸ்பிரின் கொடுக்கலாம் என்றார், இன்னொருவர் புறா ரத்தம் தேய்க்கச் சொன்னார். நல்லவேளை, இரண்டையும் செய்யாமல் வண்டி ஏற்றிவிட்டோம். ஸ்கேனில் ரத்தக் கசிவு! அந்த நேரம் ஆஸ்பிரின் உள்ளே போயிருந்தால் நினைக்கவே பயமாக இருக்கிறது. மூளை அறுவை சிகிச்சை நிபுணர் படத்தைப் பார்த்துவிட்டு, "கசிவு சின்னது, ஆழத்துல இருக்கு. இப்ப ஆபரேஷன் வேண்டாம், நினைவு குறைஞ்சா யோசிப்போம்" என்றார். ஐ.சி.யூ. டாக்டர் டிரிப் மருந்தில் பிரஷரை 140 பக்கம் கொண்டுவந்து நிறுத்தினார். ராத்திரி முழுக்க எழுப்பி எழுப்பிப் பெயர் கேட்டார்கள், கண்ணில் டார்ச் அடித்தார்கள். தூங்க விடக் கூடாதா என்று நினைத்தேன். நினைவு குறைகிறதா என்று பார்க்க அதுதான் வழியாம்.

ஓசூரிலிருந்து, இயன்முறை மருத்துவர் (பிசியோதெரபிஸ்ட்):

பெரிய ரத்தக்குழாய் அடைத்தவர்களைத் தொடை வழியாகக் குழாய் விட்டு ரத்தக் கட்டியை எடுக்க எங்கள் பக்கத்திலிருந்து பெங்களூருக்கு அனுப்புவதுண்டு. வழக்கமாக ஆறு மணி நேரத்துக்குள். ஸ்கேன் பார்த்துத் தேர்ந்தெடுத்த சிலருக்கு 24 மணி நேரம் வரைகூடச் செய்கிறார்கள்.

என் வேலை அதன் பிறகு. சொந்தக்காரர்கள் பாசத்தில் இளநீர் ஊட்டுவதைப் பார்த்தால் ஓடிப்போய்த் தடுப்பேன். விழுங்க முடிகிறதா என்று சோதிக்கும் முன் ஒரு வாய் தண்ணீர்கூட நுரையீரலுக்குள் போய் நிமோனியா ஆகலாம். செயலிழந்த கையைப் பிடித்து இழுத்துத் தூக்காதீர்கள், தோள் மூட்டு இறங்கிவிடும். முதுகுக்கும் இடுப்புக்கும் கை கொடுத்துத் தூக்குங்கள்.

வீட்டுக்குப் போனதும் பயிற்சியை விட்டுவிடுபவர்கள்தான் அதிகம். மக்களைத் தேடி மருத்துவம் என்ற அரசுத் திட்டம் 2021 ஆகஸ்டில் நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. அதில் வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சை தருகிறார்கள், பிரஷர், சர்க்கரை மாத்திரையும் உண்டு. உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுங்கள்.