சிங்கப்பூரில் கணவருடன் தங்க வழி சொல்லுங்கள்

அண்ணன்மார்களுக்கும் ஆச்சிமார்களுக்கும் வணக்கம். எனக்குக் காரைக்குடிப் பக்கம். வைகாசியில் கல்யாணம் முடிந்தது. அவர் சிங்கப்பூரில் எஸ் பாஸில் (நடுத்தரத் திறன் வேலைக்கு வெளிநாட்டவருக்குத் தரும் அனுமதி) வேலை பார்க்கிறார், மாதச் சம்பளம் 5,700 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). மனைவியை டிபெண்டன்ட் பாஸில் (குடும்பத்தார் உடன் தங்குவதற்கான அனுமதி) அழைக்க நிலையான சம்பளம் குறைந்தது 6,000 வேண்டும். வெறும் 300 வெள்ளியில் நிற்கிறது.

இசைகுடிமானம் (நகரத்தார் கல்யாணத்தில் எழுதும் திருமண ஒப்பந்தம்) எழுதிக் கையெழுத்துப் போட்டதெல்லாம் நம் வழக்கத்துக்குச் சரி, பாஸுக்குப் பதிவுச் சான்றிதழ்தான் செல்லும். அதை 90 நாளுக்குள் வாங்கிவிட்டோம். ஆனால் சான்றிதழில் எனக்கு இனிஷியல் மட்டும் இருக்கிறது, பாஸ்போர்ட்டில் அப்பச்சி (அப்பா) பெயர் முழுதாக வருகிறது. இதற்கு உறுதிமொழிப் பத்திரம் போதுமா, சான்றிதழையே திருத்த வேண்டுமா?

அப்புறம், ஓவர்டைமைச் சேர்த்தால் 6,000 தாண்டுகிறது. அது நிலையான சம்பளத்தில் சேராது என்கிறார்கள். இன்கிரிமென்ட் வரும்வரை விசிட் விசாவில் போய் வருவதா, நானே அங்கே வேலை தேடி என் பெயரில் பாஸ் வாங்குவதா? நான் பி.காம்., நான்கு வருடம் கணக்கு வேலை பார்த்திருக்கிறேன். 2021 மே முதல் டிபெண்டன்ட் பாஸில் போனாலும் வேலைக்குத் தனி பாஸ் வேண்டுமாம், அதனால் இரண்டாவதே மேல் என்று தோன்றுகிறது.

அந்தக் காலத்தில் ஆண்கள் மூன்று வருடத் தவணையில் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கொண்டுவிக்கப் (வட்டித் தொழில், வியாபாரம் செய்ய) போனார்கள். எங்கள் ஆயா (பாட்டி) இந்த வளவில்தான் (வீட்டின் உள்முற்றப் பகுதி) காத்திருந்தார்கள். என்னால் அப்படி முடியாது.

இப்படிப் போய்ச் சேர்ந்தவர்கள் யாராவது இருந்தால், எந்த வழியில் போனீர்கள், எத்தனை நாள் ஆனது என்று சொல்லுங்கள்.