அப்பா அம்மாவோடு கேசினோ ரிசார்ட்டில் தங்கலாமா? (டாலஸ் – கிராண்ட் கேன்யன், காரில்)

பிளேனோவாசி:

வணக்கம். ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருக்கிறார்கள். ஜூலை கடைசியில் அவர்களையும் ஒன்பது வயதுப் பையனையும் கூட்டிக்கொண்டு காரிலேயே கிராண்ட் கேன்யன் போவதாகத் திட்டம். ஐ-40 நெடுஞ்சாலை பிடித்து அமரில்லோவில் ஒரு இரவு, அல்புகர்க்கியில் ஒரு இரவு, ஃப்ளாக்ஸ்டாஃப் பக்கம் இரண்டு இரவு, அப்புறம் பேஜ், மானுமென்ட் வேலி, மேசா வெர்டே என்று சுற்றிக்கொண்டு திரும்புவோம்.

ரூம் தேடும்போதுதான் கவனித்தேன். அல்புகர்க்கியைச் சுற்றியும் சரி, ஃப்ளாக்ஸ்டாஃபுக்குக் கிழக்கேயும் சரி, நெடுஞ்சாலையை ஒட்டியே பெரிய ரிசார்ட்டுகள், எல்லாம் செவ்விந்தியர்கள் நடத்தும் கேசினோவோடு சேர்ந்தவை. நான் பார்த்த தேதிகளில் சாதாரண மோட்டல் கேட்கும் காசுக்குக் கொஞ்சம் மேலே போட்டால் நல்ல ரூமே கிடைக்கிறது. மனைவிக்குச் சம்மதம். எனக்குத்தான் தயக்கம், ஏனென்றால் அப்பா வீட்டில் தீபாவளிக்குக்கூட சீட்டுக்கட்டை எடுக்க விடாதவர், தருமர் நாட்டைத் தொலைத்த கதையை அமரில்லோவில் ஆரம்பித்தால் அரிசோனா வரைக்கும் நிறுத்தமாட்டார்.

அம்மாவுக்கு வீசிங் உண்டு, சிகரெட் புகை ஆகவே ஆகாது. பையனை உள்ளே விடுவார்களா? சைவச் சாப்பாடு? ஏதாவது பிரச்சினை என்றால் யார் போலீஸ், யார் சட்டம்? தங்கிய அனுபவம் இருப்பவர்கள் சொல்லுங்கள்.

அல்புகர்க்கி அக்கா:

தம்பி, தாராளமாகத் தங்கலாம், இங்கே இருபது வருடமாக இருக்கிறேன், ஊரிலிருந்து யார் வந்தாலும் ஒரு இரவாவது இப்படித்தான் தங்க வைப்போம். பியூப்ளோ என்றால் இந்தப் பக்கத்துப் பழங்குடி ஊர். ஊருக்கு வடக்கே சான்டியா பியூப்ளோ, சான்டா ஆனா பியூப்ளோ, தெற்கே ஐஸ்லெட்டா பியூப்ளோ, மேற்கே ஐ-40-இல் லகூனா பியூப்ளோ, இன்னும் தள்ளிப் போனால் அகோமா, எல்லோருக்கும் சொந்தமாகக் கேசினோ இருக்கிறது. அக்டோபரில் பலூன் திருவிழா சமயத்தில் மட்டும் விலை கேட்கக்கூடாது, ஜூலையில் பயமில்லை.

புகைதான் முதலில் பார்க்க வேண்டியது. மாநிலத்தின் புகைத்தடைச் சட்டம் பழங்குடி நிலத்தில் செல்லாது, அதனால் ஒவ்வொரு இடத்திலும் ஒவ்வொரு விதி. நேரடியாகப் போன் போட்டு, "ரூமில் புகை உண்டா" என்று கேட்காதீர்கள், இல்லை என்றுதான் சொல்வார்கள். "கேசினோ தளத்தில் பிடிக்க அனுமதி உண்டா, ரூமுக்குப் போக அந்தத் தளத்தைத் தாண்ட வேண்டுமா" என்று கேளுங்கள். நவஹோ பழங்குடியினரின் நிலத்தில் அந்தக் கவலை இல்லை, 2021-இல் அவர்களே சட்டம் போட்டு கேசினோ உட்படப் பொது இடங்களில் சிகரெட்டை நிறுத்திவிட்டார்கள், சடங்குக்குப் பயன்படுத்தும் புகையிலைக்கு மட்டும் விலக்கு. ஃப்ளாக்ஸ்டாஃபுக்குக் கிழக்கே நீங்கள் பார்த்தது ட்வின் ஆரோஸாகத்தான் இருக்கும், எக்சிட் 219, அது நவஹோக்களுடையது. அம்மாவுக்கு அது பொருந்தும்.

பையன் விஷயம்: நியூ மெக்சிகோ, அரிசோனா இரண்டிலும் ஆட 21 வயது ஆக வேண்டும். சின்னப் பிள்ளைகள் கூட வரலாம், ஆனால் மெஷின் பக்கத்தில் நிற்கக்கூடாது, நடைபாதையிலேயே நடந்து போய்விட வேண்டும். கண்ணைப் பறிக்கிற விளக்கு வேறு, கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

சாப்பாட்டில் ஒரு எச்சரிக்கை. கிரீன் சில்லி சாஸ் என்றதும் மிளகாய்தானே என்று வாங்கிவிடுவோம், பல இடங்களில் அதில் பன்றி இறைச்சி போட்டுக் கொதிக்க வைத்திருப்பார்கள். பின்ட்டோ பீன்ஸிலும் பன்றிக் கொழுப்பு சேர்ப்பதுண்டு. கேட்காமல் வாங்காதீர்கள். ஃப்ரை பிரெட் என்று ஒன்று கிடைக்கும், பெரிய பட்டூரா மாதிரி, மேலே தேன் விட்டுச் சாப்பிடலாம், அதையும் எந்த எண்ணெயில் பொரிக்கிறார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு ரைஸ் குக்கர் காரில் இருக்கட்டும், எந்தப் பழங்குடி நேஷனானாலும் தயிர் சாதம் தயிர் சாதம்தான்.

அகோமாவை விடாதீர்கள். அல்புகர்க்கியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே, சுமார் 370 அடி உயரப் பாறை மேல் பழைய ஊர், பஸ்ஸில் மேலே கூட்டிப்போய்க் கூடவே வழிகாட்டியும் வருவார். தனியாகச் சுற்ற அனுமதி இல்லை, படம் எடுக்க அனுமதிச் சீட்டு வேண்டும், வீடியோ கிடையாது. விசேஷ நாட்களில் வெளியாட்களுக்குச் சாத்திவிடுவார்கள், அதனால் கிளம்பும் முன் தேதி பார்த்துக்கொள்ளுங்கள்.

டயர்வெடி:

நான் வேண்டாம் என்பேன். போன வருடம் ஒரு இடத்தில் தங்கினோம், பேர் எதற்கு. பதிவு செய்யும்போது ஒரு விலை, போய் நின்றால் ரிசார்ட் ஃபீ என்று தனியாக, அதற்கு மேல் கார்டில் டெபாசிட் பிடித்து வைத்தார்கள், அது திரும்பி வர ஒரு வாரம். லிஃப்ட் கதவு திறந்தாலே புகை. சனிக்கிழமை என்பதால் கீழே கச்சேரி, ராத்திரி ஒரு மணி வரை தரை அதிர்ந்தது, ஏடிஎம்மில் காசு எடுத்தால் அதற்கும் ஒரு கட்டணம். இதில் இவர்களுக்கு வரியே கிடையாது, ஒவ்வொருவர் வீட்டுக்கும் மாதா மாதம் செக் வேறு போகிறதாம். நம் காசில் எதற்கு?

சாளரம்:

டயர்வெடி, ரிசார்ட் ஃபீயும் டெபாசிட்டும் லாஸ் வேகஸிலும் உண்டு, அதற்குப் பழங்குடிகள் மேல் பழி போட வேண்டாம். சனிக்கிழமை கச்சேரி பற்றிச் சொன்னது சரி, வார நாளாகப் பார்த்துப் போனால் விலையும் குறையும், தூக்கமும் வரும்.

செக் கதைக்கு வருகிறேன். இவை தனியார் கம்பெனிகள் இல்லை, அரசாங்கங்கள் நடத்துபவை. ஃப்ளோரிடாவில் செமினோல் பழங்குடியினர் 1979-இல் பெரிய பந்தய பிங்கோ ஆரம்பித்தார்கள், கலிஃபோர்னியாவில் கபசோன் பழங்குடிக் குழுவினர் இதற்கான வழக்கை உச்ச நீதிமன்றம் வரை கொண்டுபோய் 1987-இல் ஜெயித்தார்கள், அதற்கு அடுத்த வருடமே அமெரிக்க காங்கிரஸ் பழங்குடிச் சூதாட்டத்துக்கென்று ஒரு சட்டம் போட்டது. லாட்ஜ் முதலாளி லாபத்தை எப்படி வேண்டுமானாலும் செலவழிக்கலாம், இங்கே முடியாது. பழங்குடி அரசின் செலவு, மக்கள் நலன், பொருளாதார வளர்ச்சி, தர்மம், பக்கத்து ஊர் நிர்வாகங்களுக்கு உதவி, இவ்வளவுக்குத்தான் என்று 1988 சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. தலைக்கு இவ்வளவு என்று பிரித்துத் தருவதற்கு மத்திய அரசின் இன்டீரியர் துறை ஒப்புதல் வேண்டும், எல்லோரும் அப்படித் தருவதில்லை, தந்தாலும் வாங்குகிறவர் அதற்கு மத்திய வருமான வரி கட்ட வேண்டும். கனெக்டிகட்டில் பெரிய நகரங்களுக்கு நடுவே ஃபாக்ஸ்வுட்ஸ் என்ற பெரிய கேசினோ வைத்திருப்பவர்கள் நிலைமை வேறு. கிட்டத்தட்ட 4 லட்சம் பேர் உள்ள நவஹோ நேஷன் ஆளில்லாத நெடுஞ்சாலை ஓரத்தில் நாலு கேசினோ வைத்து ஆளுக்கு எவ்வளவு பிரிப்பது? அங்கே இன்னும் குழாய்த் தண்ணீர் வராத வீடுகள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன.

பிளேனோவாசி, உங்கள் அப்பாவிடம் ஒன்று சொல்லுங்கள். நவஹோக்களும் அவர் கட்சிதான். 1994-இலும் 1997-இலும் மக்கள் வாக்கெடுப்பில் கேசினோ வேண்டாம் என்று இரண்டு முறை தோற்கடித்தார்கள், முதல் கேசினோ கேலப் பக்கத்தில் திறந்ததே 2008-இல்தான். பக்கத்திலேயே இருக்கும் ஹோப்பி பழங்குடியினரிடம் இன்றும் கேசினோ கிடையாது. நவஹோக்களிடம் பழைய கதை ஒன்று உண்டு: நியூ மெக்சிகோவில் இருக்கும் சாக்கோ கேன்யனில் ஒரு சூதாடி இருந்தான், வந்தவர்களிடம் முதலில் பொருளை ஜெயித்தான், அப்புறம் மனைவி மக்களை, கடைசியில் ஆட்களையே ஜெயித்து அடிமையாக்கி அவர்களை வைத்தே பெரிய பெரிய கட்டடங்களைக் கட்டினான். தெய்வங்கள் ஒருவனைத் தயார் செய்து அனுப்பி அதே ஆட்டங்களில் அவனைத் தோற்கடித்து, வில்லில் வைத்து வானத்துக்கு எய்துவிட்டார்களாம். நம் கதையில் சகுனிக்கு இவ்வளவு நல்ல முடிவு கிடைக்கவில்லை. அந்தக் கட்டடங்களின் இடிபாடுகள் இன்றும் நிற்கின்றன, தேசியப் பூங்கா நிர்வாகத்தில்.

இன்னொன்று, "செவ்விந்தியர்" என்ற சொல்லை விட்டுவிடலாம். நேட்டிவ் என்றோ, அதைவிட நல்லது அந்தந்த மக்களின் பேரைச் சொல்லியோ பேசலாம். நவஹோக்கள் தங்களை தினே என்பார்கள். கேட்டால் சந்தோஷமாகச் சொல்லித் தருவார்கள், போன தடவை வரவேற்பில் இருந்த பெண் எனக்கு நன்றி சொல்லக் கற்றுக்கொடுத்தார், என் உச்சரிப்பைக் கேட்டுவிட்டு சிரிப்பை அடக்கினார்.

கணக்குப்பிள்ளை:

அப்பா ஆடமாட்டார் என்கிறீர்கள், நல்லது. என் மாமனாரும் அப்படிச் சொன்னவர்தான். சில வருடம் முன்னால் "சும்மா ஒரு தடவை" என்று ஸ்லாட் மெஷினில் தட்டி 1500 டாலர் விழுந்தது. மெஷின் பூட்டிக்கொண்டது, ஆள் வந்தார், பாஸ்போர்ட் கேட்டார். சுற்றுலா விசாவில் வந்தவர் வரிக் கணக்கில் வெளிநாட்டவர், ஸ்லாட்டில் ஜெயித்தால் 30 சதவீதம் பிடித்துக்கொண்டுதான் தருவார்கள், இந்தியாவோடு உள்ள வரி ஒப்பந்தத்தில் இதற்குச் சலுகை இல்லை. 450 போய் 1050 கையில் வந்தது. வேடிக்கை என்னவென்றால் பிளாக்ஜாக், ரூலெட் மாதிரி ஆட்டங்களில் ஜெயித்தால் வெளிநாட்டவருக்கு இந்த வரி கிடையாது. மாமனார் அன்று ராத்திரி முழுக்க அதை நினைத்தே தூங்கவில்லை.

மெம்பர் கார்டு இலவசமாகத் தருவார்கள், ரூம் விலையில் தள்ளுபடி கிடைத்தால் உங்கள் பேரில் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். கூடவே ஆடுவதற்கு 10 டாலர் இலவசம் என்பார்கள், அது தூண்டில் புழு.

அல்புகர்க்கி அக்கா:

போலீஸ் பற்றிக் கேட்டதற்குப் பதில் சொல்ல மறந்துவிட்டேன். பழங்குடிப் போலீஸ் தனியாக உண்டு, வேக வரம்பை மீறினால் அவர்களும் பிடிப்பார்கள். உள்ளே வழுக்கி விழுந்து நஷ்ட ஈடு மாதிரி ஏதாவது என்றால் வழக்கு அவர்கள் நீதிமன்றத்துக்கே போகக்கூடும். 911 எல்லா இடத்திலும் ஒன்றுதான். நவஹோ நிலத்தில் மது பொதுவாகத் தடை, டிக்கியில் பாட்டில் எதுவும் வேண்டாம். இருட்டியபின் ஓட்டாதீர்கள், குதிரையும் மாடும் ரோட்டில் நிற்கும். டூபா சிட்டி, கயன்டா மாதிரி ஊர் வந்தால் பாதி டேங்க் இருந்தாலும் நிரப்பிக்கொள்ளுங்கள். தேசியப் பூங்காக்களுக்கான ஆண்டு பாஸ் கிராண்ட் கேன்யனுக்குச் செல்லும், மானுமென்ட் வேலிக்கும் ஆன்டிலோப் கேன்யனுக்கும் செல்லாது, அவை நவஹோ பூங்காக்கள்.

கடிகாரம் முக்கியம்! அரிசோனாவில் கோடைகால நேர மாற்றம் கிடையாது, அதற்குள் இருக்கும் நவஹோ நேஷனில் உண்டு, நவஹோவுக்கு உள்ளே இருக்கும் ஹோப்பி நிலத்தில் மறுபடி கிடையாது. ஆன்டிலோப் கேன்யன் நவஹோ நிலம்தான், ஆனால் டூர்காரர்கள் பேஜ் ஊர் நேரத்தைப் பிடித்துப் போவார்கள். போன் கோபுரத்துக்குக் கோபுரம் மாறும், நம்பாதீர்கள். பதிவு செய்யும்போதே எந்த நேரம் என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

பிளேனோவாசி:

எல்லோருக்கும் நன்றி, நேற்றுதான் திரும்பினோம். சாளரம், அந்தச் சொல்லை இனி எழுதமாட்டேன்.

அல்புகர்க்கியில் ஒரு இரவும் ஃப்ளாக்ஸ்டாஃப் பக்கம் இரண்டு இரவும் பழங்குடி ரிசார்ட்டுகளிலேயே தங்கினோம், மூன்றும் வார நாள். அக்கா சொன்னபடி போனில் கேட்டதால் முதல் இடத்தில் பக்கவாட்டு வாசலை ஒட்டிய ரூம் கொடுத்தார்கள், அம்மாவுக்கு ஒரு தும்மல்கூட இல்லை. அப்பா முதல் இரவு தலையைக் குனிந்துகொண்டே ரூமுக்குப் போனார். இரண்டாவது இடத்தில் சாக்கோ சூதாடி கதையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை, அப்புறம் "மனைவியையும் வைத்து ஆடினார்களா?" என்று ஒரே கேள்வி. மறுநாள் காலையில் கேசினோ நடைபாதையில் நின்று மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்த கிழவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார், பத்து நிமிடம் இருக்கும், என்னவென்று கேட்டதற்கு "ஒருத்தர் முகத்திலும் சிரிப்பில்லையே" என்றார். காவலாளி வந்து பையனை நகரச் சொன்னதும் சேர்ந்து கிளம்பிவிட்டார்.

நேரம் விஷயத்தில் இவ்வளவு சொல்லியும் சொதப்பினேன். காலையில் பேஜில் பார்த்த மணியை மனதில் வைத்துக்கொண்டு மானுமென்ட் வேலிக்கு ஒரு மணி நேரம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தோம், சூரியன் சாயும் நேர ஜீப் கிளம்பிப் போயிருந்தது. அடுத்த நாள் காலை மாற்றிக் கொடுத்தார்கள், கூடுதல் காசு கேட்கவில்லை.

அப்பா இப்போது சாக்கோ கேன்யன் போயே ஆக வேண்டும் என்கிறார். செப்டம்பரில் ஊருக்குத் திரும்புகிறார், அதற்குள் ஒரு நீண்ட வார இறுதி கிடைக்கும். என்னிடம் இருப்பது செடான். ரோடு எப்படி?

சாளரம்:

கடைசி 13 மைல் மண் ரோடு, அதில் நாலைந்து மைல் முதுகெலும்பு எண்ணுகிற ரகம். காய்ந்த நாளில் செடானில் மெதுவாகப் போய் வரலாம், மழை பெய்திருந்தால் ஜீப் வைத்திருப்பவர்கூடப் பாதியிலேயே திரும்பிவிடுவார். உள்ளே சாப்பாடும் கிடையாது, பெட்ரோலும் கிடையாது. கிளம்பும் அன்று காலையில் பூங்கா அலுவலகத்துக்குப் போன் செய்து ரோடு கேட்டுக்கொள்ளுங்கள்.