லிங்குகளைச் சேர்த்துப் பகிர எது நல்லது?

வெள்ளவத்தையில் உயர்தர (ஏ/எல்) வகுப்புப் பிள்ளைகளுக்கு வரலாறு படிப்பிக்கிறேன். நூலகம் தளத்தில் உள்ள பழைய பத்திரிகைகள், கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ தளப் பாடங்கள், யூடியூப் வீடியோக்கள் என்று கிடைப்பதை வட்ஸ்அப் குரூப்பில் போட்டால் குட் மோர்னிங் படங்களுக்குள் புதைந்துவிடுகிறது, பிறகு "சேர், அந்த லிங்கைத் திரும்பப் போடுங்கோ" என்று ஒவ்வொருவராகக் கேட்கிறார்கள். முன்பு லிங்குகளைச் சேமித்து வைத்த பொக்கெட் செயலியையும் மொசில்லா நிறுவனம் 2025 ஜூலையில் மூடிவிட்டது. இப்போது லிங்குகளைச் சேர்த்து வைக்கும் ரெயின்ட்ராப், வேக்லெட் என்ற இரண்டு தளங்களையும் பார்க்கிறேன். அழகெல்லாம் தேவையில்லை, ஒவ்வொரு லிங்குக்கும் கீழே "12ஆம் பக்கத்தை மட்டும் வாசி" என்று குறிப்பு எழுத வேண்டும், பிள்ளைகள் கணக்குத் திறக்காமலே போனில் பார்க்க வேண்டும், டேட்டாவும் அதிகம் தின்னக் கூடாது. பாவித்தவர்கள் சொல்லுங்களேன், எது சரிவரும்? அப்புறம், தமிழில் டேக் போட்டுத் தேடினால் ஒழுங்காக வருகிறதா?