இலட்சத்தீவுக்குக் குடும்பத்துடன் கப்பற்பயணம்: முழங்கால் வலியுள்ள அம்மாவை அழைத்துச் செல்லலாமா?

வைகைக்கரைவாசி:

அனைவருக்கும் வணக்கம். கொச்சியிலிருந்து புறப்பட்டு, கவரத்தி, கல்பேனி, மினிக்காய் ஆகிய மூன்று தீவுகளையும் காட்டிவிட்டு ஐந்தாம் நாள் கொச்சிக்கே திரும்பும் கப்பற்சுற்றுலாவுக்கு வரும் பிப்ரவரியில் குடும்பத்துடன் செல்ல எண்ணியிருக்கிறோம். நான், என் கணவர், 11 வயது மகள், 6 வயது மகன், 68 வயதான என் அம்மா என ஐந்து பேர்.

இந்தப் பயணத்தை விரும்புகிறவர் அம்மாதான். தொடக்கப்பள்ளி ஆசிரியராக முப்பது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றியவர். இந்திய வரைபடத்தில் கேரளத்துக்கு இடப்பக்கம் தெரியும் அந்தச் சிறு புள்ளிகளைக் குச்சியால் தொட்டுக்காட்டிப் பாடம் நடத்திய தீவுகளை ஒரு முறையேனும் நேரில் பார்த்துவிட வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. ஆனால் இரண்டு முழங்கால்களிலும் தேய்மானம் இருக்கிறது. சமதரையில் நன்றாக நடப்பார். படியேற வேண்டுமென்றால் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு ஒவ்வொரு படியாகத்தான் ஏறுவார். கப்பல் தீவின் கரைவரை போகாது, நடுக்கடலிலேயே சிறு படகுக்கு மாற வேண்டும் என்று கேள்விப்பட்டதிலிருந்து எனக்குத் துணிவு வரவில்லை.

சென்று வந்தவர்கள் தங்கள் அனுபவத்தைக் கூறினால் பேருதவியாக இருக்கும். படகு மாறுவது எப்படி இருக்கும்? இரவில் கப்பல் எந்த அளவுக்கு ஆடும்? சைவம் மட்டுமே உண்ணும் அம்மாவுக்கு என்ன கிடைக்கும்? ஒரு தீவுக்கு ஒரு பகல் என்பது போதுமானதா?

கொங்குநாட்டுப் பயணி:

சகோதரிக்கு வணக்கம். 2019 ஜனவரியில் நாங்கள் ஆறு பேர் இதே மூன்று தீவுகளுக்கும் சென்று வந்தோம். என் தாயாருக்கு அப்போது 65 வயது. அவருக்கும் முழங்கால் தொல்லை உண்டு. எனவே நீங்கள் கேட்பது எனக்கு நன்றாகப் புரிகிறது.

முதலில் கப்பலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நீச்சல்குளமும் இரவு நடனமும் உள்ள உல்லாசக் கப்பலை மனத்தில் வைத்துக்கொண்டு போகாதீர்கள். மருத்துவத்துக்கும் படிப்புக்கும் வணிகத்துக்கும் கொச்சிக்கு வந்து திரும்பும் தீவு மக்களின் பயணிகள் கப்பல்தான் நாங்கள் சென்றது. அதில் ஒரு பகுதி கேபின்களைச் சுற்றுலாப் பயணிகளுக்கு ஒதுக்கியிருந்தார்கள். எனக்கு அதுவே பெரிய பேறாகத் தோன்றியது. கொச்சியில் பிரசவம் முடிந்து, பிறந்து நாற்பது நாளான குழந்தையுடன் கல்பேனிக்குத் திரும்பிக்கொண்டிருந்த ஒரு பெண்ணிடம் என் தாயார் தமிழிலும் அவர் தீவு மலையாளத்திலுமாக இரவு பத்து மணிவரை பேசிக்கொண்டிருந்தார்கள். மறுநாள் கல்பேனிக் கரையில் அந்தக் குழந்தையை வாங்க அதன் பாட்டனார் படகுத்துறையில் கை நீட்டிக்கொண்டு நின்ற காட்சியை எங்கள் வீட்டில் இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

இரவில் கப்பல் ஓடும்; பகலில் தீவுக்கருகில் நங்கூரமிடும். காலையில் இறங்கி மாலையில் ஏறினோம். நண்பகல் உணவு தீவிலேயே கிடைத்தது. சூரைமீன் இல்லாத பந்தியை அங்கே காண்பது அரிது. ஆயினும் சோறு, சாம்பார், பொரியல், தயிர் ஆகியவை தாயாருக்குக் குறைவின்றிக் கிடைத்தன. மீன் உண்ணாதவர் என்பதை முன்பதிவு செய்யும்போதே தெரிவித்துவிடுங்கள்.

இனிப் படகு மாறும் விவரம். இத்தீவுகளைச் சுற்றிப் பவளப்பாறை வேலிபோல் வளர்ந்திருக்கிறது. அதற்குள் அடங்கிய லகூன் என்னும் நீர்ப்பரப்பு ஆழமற்றது. கப்பல் உள்ளே நுழைய முடியாது. ஆகையால் கப்பலின் பக்கவாட்டில், நீர்மட்டத்துக்குச் சற்று மேலே உள்ள கதவைத் திறக்கிறார்கள். படகு வந்து அணைகிறது. அலைக்கேற்ப அது ஒரு கணம் நம் காலடிக்கு வருகிறது. அடுத்த கணம் இடுப்பளவு கீழே போய்விடுகிறது. கப்பலில் இரண்டு பேர் நம் மேற்கைகளைப் பற்றிக்கொள்ள, படகில் இரண்டு பேர் கைநீட்டி நிற்கிறார்கள். படகு எழும்பும் வேளை பார்த்து ஒரு குரல் எழுகிறது; மறுநொடி நாம் படகுக்குள் இருக்கிறோம். என் தாயார் தாமாகக் கால் வைத்தார் என்பதைவிட, தூக்கி வைக்கப்பட்டார் என்பதே உண்மை. கல்பேனியில் முதல்முறை இறங்கும்போது கண்ணை இறுக மூடிக்கொண்டவர், மூன்றாம் நாள் கவரத்தியில் அந்தப் பையன்களின் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொண்டு இறங்கினார்.

ஒரு வேண்டுகோள்: பயண நாள்களில் அம்மாவைச் சுடிதார் அணியச் சொல்லுங்கள். என் தாயாரின் புடவைக் கொசுவம் முதல் நாளே கதவின் விளிம்பில் சிக்கிக்கொண்டு எங்களை நடுங்கவைத்தது. படகுக்கு மாறும்போது யார் கையிலும் பை இருக்கக் கூடாது; எல்லாவற்றையும் முதுகில் மாட்டிக்கொள்ளுங்கள்.

கடலில் இறங்க முடியாதவருக்குக் கவரத்தியில் கண்ணாடி அடித்தளம் பொருத்திய படகு இருக்கிறது. அதில் அமர்ந்தபடியே கிளிமீன்களையும் பவளங்களையும் தாயார் கண்டுகளித்தார். பவளத்தைப் பற்றி உண்மையைச் சொல்ல வேண்டும். படங்களில் காணும் வண்ணமயமான காட்சி எல்லா இடத்திலும் இல்லை. கடல்நீர் அளவுக்கு மீறிச் சூடேறிய 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் பவளங்கள் பெருமளவில் வெளுத்து மடிந்திருக்கின்றன. நாங்கள் சென்று வந்த பிறகு 2024இலும் அது நேர்ந்தது. நாங்கள் சென்றபோது, சாம்பல் நிறத்தில் உடைந்து கிடந்த பகுதிகளைக் கடக்கையில் படகில் எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டோம். அவற்றுக்கிடையே விரலளவு நீலமாகவும் இளம்பச்சையாகவும் புதிய கிளைகள் துளிர்த்திருந்ததையும் கண்டோம். குழந்தைகள் அவற்றை மிதித்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கரையில் கிடக்கிறதே என்று ஒரு துண்டைக்கூட எடுத்து வர வேண்டாம். பவளம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வருவது.

உங்கள் அம்மா ஆசிரியர் என்பதால் இதையும் சொல்கிறேன். கவரத்தியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையத்தைச் சென்னைப் பள்ளிக்கரணையில் உள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் 2005இல் அமைத்தது. வெதுவெதுப்பான மேற்பரப்பு நீரை வெற்றிடத்தில் ஆவியாக்கி, ஏறத்தாழ 350 மீட்டர் ஆழத்திலிருந்து குழாய்வழி இழுக்கும் குளிர்ந்த நீரால் அந்த ஆவியைக் குளிர்வித்து, நாளொன்றுக்கு ஒரு இலட்சம் லிட்டர் நன்னீர் எடுக்கும் வகையில் வடிவமைத்தார்கள். தீவில் நிலத்தடி நன்னீர் மெல்லிய படலம்போல உப்புநீரின்மேல் மிதப்பதுதான். கூடுதலாக இறைத்தால் கரித்துவிடும். அந்த ஊர்க் குழாயில் தண்ணீரைக் குடித்துப் பார்த்தபோது அதன் அருமை விளங்கியது.

நெய்தல்நிலத்தான்:

மேலே எழுதிய நண்பரின் அனுபவம் இனிது. எனினும் எங்களுக்கு நேர்ந்ததையும் நீங்கள் அறிந்துகொள்வது நல்லது. நாங்கள் சென்றது நவம்பர் இறுதி. 74 வயதான என் தந்தையார் முதல் தீவில் எளிதாக இறங்கினார். அடுத்த தீவில் காலையிலேயே காற்று வலுத்திருந்தது. படகு ஆளுயரத்துக்கு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. கால் உறுதியில்லாதவர்கள் கப்பலிலேயே இருந்துவிடுவது நல்லது என்று அதிகாரி வந்து சொன்னார். தந்தையும் அண்ணனும் தங்கிவிட்டார்கள். அன்று முழுவதும் டெக்கில் நாற்காலி போட்டு, எட்டிவிடும் தொலைவில் தென்னந்தோப்பைப் பார்த்தபடியே தந்தை அமர்ந்திருந்தார் என்பதை நினைத்தால் இன்றும் எனக்கு வருத்தமாக இருக்கிறது. ஆனால் அந்த முடிவு சரியானது. அதே படகில் திடகாத்திரமான இளைஞர் ஒருவருக்கே கணுக்கால் பிசகியது.

ஆகவே மூன்று தீவுகளும் உறுதி என்று அம்மாவிடம் சொல்லி அழைத்துப் போக வேண்டாம். கடல் இடம்கொடுத்தால் இறங்கலாம் என்று சொல்லுங்கள். அம்மாவுடன் கப்பலில் தங்கப்போவது யார் என்பதையும் வீட்டிலேயே முடிவு செய்துவிடுங்கள்; அங்கே போய்க் குழந்தைகள் முன்னிலையில் அதைப் பேசுவது எல்லோருக்கும் சங்கடம்.

கடல்மயக்கத்துக்கான மாத்திரையைக் குமட்டல் தொடங்கிய பிறகு விழுங்கிப் பயனில்லை. கப்பல் புறப்படுவதற்கு முன்பே போட்டுக்கொள்ள வேண்டும். அது தூக்கத்தையும் தள்ளாட்டத்தையும் தரக்கூடியது என்பதால் அம்மாவுக்கும் 6 வயதுப் பிள்ளைக்கும் எந்த மாத்திரை, எவ்வளவு என்பதை உங்கள் மருத்துவரிடமே கேளுங்கள். கேபினைத் தேர்ந்தெடுக்க வாய்ப்பிருந்தால் கீழ்த்தளத்தில், கப்பலின் நடுப்பகுதியில் கேளுங்கள். அங்கே ஆட்டம் குறைவு. அம்மாவுக்குக் கீழ்ப்படுக்கை கட்டாயம் வேண்டும்.

நுழைவு அனுமதி பற்றி ஒரு சொல். இலட்சத்தீவுக்குச் செல்ல நம் நாட்டவருக்கும் முன் அனுமதி தேவை. நாங்கள் ஒரு முகவரை நம்பி ஆவணங்களை ஒப்படைத்தோம். என் தந்தையாரின் பெயரைத் தவறாக எழுதி அனுப்பிவிட்டு, புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்புதான் அதைத் தெரிவித்தார். அடையாள அட்டையில் உள்ளபடி ஒவ்வோர் எழுத்தையும் நீங்களே சரிபார்த்துவிடுங்கள்.

முத்துநகர் மாலுமி:

சகோதரிக்கு வணக்கம். தூத்துக்குடியைச் சேர்ந்தவன், சரக்குக் கப்பல்களில் 31 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். மாதத்தை முதலில் பேசுகிறேன். அக்டோபர் முதல் டிசம்பர் தொடக்கம் வரை அரபிக்கடலை நம்ப முடியாது. 2017 டிசம்பரின் முதல் நாள்களில் ஒக்கிப் புயல் மினிக்காயையும் கல்பேனியையும் எப்படிப் புரட்டியது என்பதை எங்கள் கரையிலும் குமரிக் கரையிலும் யாரும் மறக்கவில்லை. நீங்கள் தேர்ந்தெடுத்திருக்கும் பிப்ரவரி நல்ல மாதம். அந்த வேளையில் கடல் பெரும்பாலும் அமைதியாக இருக்கும். புயல் என்ன செய்யும் என்பதைப் பிள்ளைகளுக்குக் காட்ட விரும்பினால், கல்பேனியின் கிழக்குக் கரையில் கரைபோல் குவிந்து கிடக்கும் பவளக் கற்களைக் காட்டுங்கள். 1847இல் வீசிய ஒரு பெரும்புயல் அவற்றைக் கடலிலிருந்து வாரி இறைத்தது என்கிறார்கள்.

படகுக்கு மாறும்போது பெரியவர்கள் செய்யும் தவறு ஒன்றுதான்: படகு கீழே போகும்போது அதைத் தொடர்ந்து காலை நீட்டுவது. படகு மேலெழுந்து, ஒரு கணம் தயங்கி நிற்கும் உச்சியில்தான் கால் வைக்க வேண்டும். உள்ளங்கையைப் பிடிக்கக் கூடாது, ஈரத்தில் வழுக்கிவிடும். கைகொடுப்பவர் மணிக்கட்டை நாமும், நம் மணிக்கட்டை அவரும் பற்ற வேண்டும். இதை வீட்டுத் திண்ணையிலேயே பழகிப் பார்க்கலாம். சிறுவர் அளவு உயிர்காப்பு அங்கி இருக்குமா என்பதையும் முன்னதாகவே விசாரித்துவிடுங்கள். பெரியவர் அங்கி 6 வயதுப் பிள்ளையின் தலைவழியே கழன்றுவிடும்.

ஒரு பகல் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். மினிக்காய்க்குப் போதாது என்பதே என் எண்ணம். நான் பணியாற்றிய கப்பல்களில் மினிக்காய்க்காரர் இல்லாத கப்பல் குறைவு. உலகக் கப்பல்களெங்கும் அத்தீவின் ஆண்கள் தலைமுறை தலைமுறையாக வேலை செய்கிறார்கள். ஊரைக் கட்டிக்காப்பவர்கள் பெண்கள். மற்றத் தீவுகளில் மலையாளம் வழங்க, மினிக்காயில் மட்டும் மாலத்தீவின் மொழியான மஹல் பேசுகிறார்கள். அதன் எழுத்து வலமிருந்து இடமாக எழுதப்படுவது. மற்றத் தீவுகளுக்கும் அதற்கும் நடுவே ஏறத்தாழ 200 கிலோமீட்டர் அகலமுள்ள ஒன்பது பாகைக் கால்வாய் என்னும் கடற்பகுதி கிடக்கிறது. வரைபடத்தில் புள்ளிகளைத் தொட்டுக்காட்டிய ஆசிரியர் இந்தக் கால்வாயைக் கப்பலில் கடக்கப்போகிறார் என்பதை எண்ணும்போது எனக்கே மகிழ்ச்சியாக இருக்கிறது.

அங்கே சூரை பிடிப்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். லகூனில் வலைபோட்டுப் பிடித்த சிறுமீன்களை உயிருடன் படகில் வைத்திருந்து, சூரைக்கூட்டத்தைக் கண்டதும் அவற்றை அள்ளி வீசுவார்கள். கூட்டம் நீர்மட்டத்துக்கு வந்ததும் மூங்கில் தூண்டிலை வீசி ஒவ்வொரு மீனாகச் சுண்டி இழுத்துப் படகுக்குள் போடுவார்கள். தூண்டில் முள்ளில் எதிர்முள் இல்லாததால் மீன் தானே கழன்று விழும். அந்த மீனை அவித்து, புகையூட்டி, வெயிலில் உலர்த்தினால் நம் கரையிலும் இலங்கையிலும் சம்பலுக்கு இடிக்கும் மாசி. மரக்கட்டைபோல் இறுகியிருக்கும், வாங்கி வந்தால் மாதக்கணக்கில் கெடாது.

1885இல் ஆங்கிலேயர் கட்டிய கலங்கரை விளக்கம் மினிக்காயில் இருக்கிறது. உச்சிவரை படிகள்தான், அம்மாவைக் கீழே நிழலில் உட்காரவைத்துவிட்டுப் பிள்ளைகளை மேலே அழைத்துச் செல்லுங்கள்.

வைகைக்கரைவாசி:

மூவருக்கும் உளமார்ந்த நன்றி. நேற்று இரவு எல்லாவற்றையும் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். தந்தையார் டெக்கில் அமர்ந்திருந்த பகுதியை இரண்டாம் முறை வாசிக்கச் சொன்னார். பிறகு, தீவுக்கு எதிரே ஒரு பகல் உட்கார்ந்திருப்பதும் தமக்குச் சம்மதமே, ஆனால் பிள்ளைகள் இறங்காமல் இருக்கக் கூடாது என்றார். அப்படி நேர்ந்தால் நான் அவருடன் தங்குவது என்று முடிவு செய்திருக்கிறோம். முழங்கால் மருத்துவரை வரும் திங்கட்கிழமை பார்க்கிறோம். அவர் ஒப்புதல் தந்த பிறகே பணம் கட்டுவோம். இன்று காலை திண்ணையில் மணிக்கட்டைப் பிடித்து இறங்கும் பயிற்சியைப் பேரனுடன் தொடங்கிவிட்டார்.

மாலுமி ஐயாவிடம் அம்மா ஒன்று கேட்கச் சொன்னார். படியேற முடியாவிட்டாலும், அந்தக் கலங்கரை விளக்கின் ஒளியைக் கப்பலிலிருந்து பார்க்க முடியுமா?

முத்துநகர் மாலுமி:

நன்றாகப் பார்க்கலாம் அம்மா. மினிக்காயை விட்டுக் கப்பல் புறப்படும் மாலையில் இரவு உணவுக்கு உடனே போய்விடாமல், கப்பலின் பின்புற டெக்கில் காற்று படாத பக்கமாக ஒரு நாற்காலி கேட்டு அமருங்கள். இருட்டியதும் தென்னை மரங்கள் மறைந்துவிடும். விளக்கு மட்டும் சுழன்று சுழன்று வந்துகொண்டிருக்கும். ஒருமுறை வந்து மறுமுறை வருவதற்குள் எத்தனை எண்ணலாம் என்று பேரனை எண்ணச் சொல்லுங்கள். நாங்கள் கடலில் விளக்கை அடையாளம் காண்பதும் அப்படித்தான்.