மொனோ, பொலி: பளிங்கா, படிகமா, நிறமா?

வணக்கம்.

சூரிய ஒளியில் மின் தரும் பலகைகளுக்கான தமிழ்ச் சொற்பட்டியல் பற்றியது இந்த மடல். பலகையில் அடுக்கப்படும் சிறு தகடுகள்தான் கலங்கள். மொனோ (mono), பொலி (poly) என்பன சிலிக்கன் கலத்தின் இரு வகைகள்.

"மொனோவுக்குக் கருந்தகடு, பொலிக்கு நீலத்தகடு என்று வைத்தால் என்ன? பார்த்தவுடன் விளங்கும்" என்று தம்பி முந்தைய மடலில் கேட்டிருந்தார்.

விளங்கும்தான். ஆனால் நிறத்தை நம்பிப் பெயர் வைக்க வேண்டாம். பழைய மொனோ கலங்கள் பல கருநீலமாகவே இருக்கும். ஒளி தெறித்துப் போகாமலிருக்க மேலே சிலிக்கன் நைத்திரைட்டு பூசுகிறார்கள். அந்தப் பூச்சின் தடிப்பு மாறினால் நிறமும் மாறும்.

உண்மையான வேறுபாடு செய்யும் விதத்தில் இருக்கிறது. மொனோவுக்கு, 1414 பாகை செல்சியஸில் உருகும் சிலிக்கனில் ஒரு சிறு வித்துப் பளிங்கைத் (crystal, தமிழகத்தார் படிகம் என்பது) தொடவைத்து, சுழற்றிச் சுழற்றி மெல்ல மேலே இழுப்பார்கள். உருளையாக வளர்ந்து வருவது முழுவதும் ஒரே பளிங்கு. அதைச் சீவினால் வட்டத் தகடு வரும். பலகையில் நெருக்கி அடுக்குவதற்காகச் சதுரமாக வெட்டும்போது மூலைகள் மழுங்கிவிடும். நான்கு கலங்கள் சந்திக்கும் இடத்தில் தெரியும் சிறு வெள்ளைச் சாய்சதுரம் இதனால் வருவதுதான். பக்கத்து வீட்டுக் கூரையில் இருந்தால் பாருங்கள்.

பொலிக்கு, உருகியதை அச்சில் வார்த்து ஆறவிடுவார்கள். பல பளிங்குகள் ஆளுக்கொரு திசையில் உறையும். அவற்றின் எல்லைகளில் இலத்திரன்கள் சிக்குப்படுவதால் திறன் குறையும். படும் ஒளியில் 20 சதவீதத்துக்கு மேல் இன்றைய மொனோ மின்னாக்குகிறது. பொலி பெரும்பாலும் 15 முதல் 17 வரைதான்.

ஆகவே என் முன்மொழிவு: ஒற்றைப்பளிங்குக் கலம், பல்பளிங்குக் கலம்.

தமிழகத்து நண்பர்களுக்குப் பளிங்கு என்றால் மாபிள் கல்தான் நினைவுக்கு வரும், தெரியும். ஆனால் இங்கே யாழ்ப்பாணத்தில் பிள்ளைகள் விஞ்ஞானப் பாடத்தில் படிப்பது பளிங்கு. கல்குலேற்றரின் சூரியக் கலத்தில் இருக்கும், பளிங்கு ஒழுங்கில்லாத சிலிக்கனையும் 'பளிங்குருவற்ற' என்றால் அவர்களுக்கு உடனே பிடிபடும். படிகத்தையும் சொற்பட்டியலில் பக்கத்திலேயே போடுவோம், ஒன்றுக்காக மற்றதை வெட்டத் தேவையில்லை. கூரைக்குப் பலகை வாங்க வரும் ஒரு அம்மாவிடம் கடைக்காரர் "மொனோதான் நல்லது" என்று சொன்னால், ஏன் என்று அவருக்குத் தமிழிலேயே விளங்க வேண்டும். எனக்கு அதுதான் முக்கியம்.

கண்ணாடி மேல் கட்மியம் தெலூரைட்டு போன்றவற்றைப் படியவைக்கும் வகைக்கு 'மென்படலக் கலம்' சரி, அதை முடித்துவிடலாம்.

அப்புறம், பின்பக்கம் படும் ஒளியிலும் மின் தரும் பலகைக்கு 'இருமுகப் பலகை' என்கிறேன். 'இருபக்கப் பலகை' பொருத்தம் என்று நினைப்பவர்கள் காரணத்தோடு எழுதுங்கள்.

அன்புடன்,
யாழ்ப்பாணத்திலிருந்து