100 மீட்டர் ஓட்டம்: விடை 19 மீட்டரா, 20 மீட்டரா?

கேள்வி – கொருக்குப்பேட்டை மாணவி
குரூப் 4 தேர்வுக்குப் படித்து வருகிறேன். 100 மீட்டர் ஓட்டத்தில் முருகன் கண்ணனை 10 மீட்டரிலும், அதே தூரத்தில் கண்ணன் சேகரை 10 மீட்டரிலும் வென்றால், முருகன் சேகரை எத்தனை மீட்டரில் வெல்வார் என்ற கணக்குக்குப் புத்தகம் 19 என்கிறது. தண்டையார்பேட்டையில் என்னுடன் படிக்கும் தோழியோ இரண்டு பத்தையும் கூட்டி 20 என்று அடித்துச் சொல்கிறார். கூட்டினால் ஏன் சரியாக வராது?

பதில் – வியாசர்பாடி
புத்தகத்தின் விடைதான் சரி. முருகன் 100 ஓடும் நேரத்தில் கண்ணன் 90 ஓடுகிறார். ஆகவே வேக விகிதம் 10:9. கண்ணனுக்கும் சேகருக்கும் அதே 10:9 என்பதால், மூவரின் விகிதம் 100:90:81 ஆகிறது. சேகர் 10 மீட்டர் பின்தங்குவது கண்ணன் முழு 100 மீட்டரை முடிக்கும்போதுதான். முருகன் எல்லைக்கோட்டைத் தொடும் நொடியில் கண்ணன் 90-இல்தான் இருப்பதால், அவருக்கும் சேகருக்கும் அப்போது 9 மீட்டர் இடைவெளியே இருக்கும். உங்கள் தோழி கூட்ட வேண்டியது 10-ஐயும் 9-ஐயும்.

பதில் – ராயபுரம்
இதையே சற்றுத் திருப்பியும் கேட்பார்கள்: முருகன் 10 மீட்டர் பின்னாலிருந்து புறப்பட்டால் இருவரும் சேர்ந்து முடிப்பார்களா? பலர் யோசிக்காமல் ஆம் என்று குறித்துவிடுவார்கள். முருகன் 100 மீட்டர் ஓடியதும் 90-ஆவது மீட்டரில் கண்ணனைப் பிடித்துவிடுகிறார்; மீதி 10 மீட்டரில் வேகமானவர் அவரே என்பதால், கண்ணன் 99-இல் இருக்கும்போது அவர் முடித்துவிடுவார். சேர்ந்து முடிக்க வேண்டுமானால், கண்ணனை 10 மீட்டர் முன்னால் நிறுத்த வேண்டும், அல்லது முருகன் 100 × 10/9 மீட்டர் ஓட வேண்டும், அதாவது 11 1/9 மீட்டர் பின்னால் நிற்க வேண்டும். முன்னால் நிறுத்துவதும் பின்னால் நிறுத்துவதும் ஒன்றல்ல.

கேள்வி கேட்டவர்
நன்றி, தோழிக்கும் காட்டிவிட்டேன். புள்ளி விட்டுக்கொடுக்கும் ஆட்டங்களுக்கும் இதே முறைதானா?

பதில் – வியாசர்பாடி
அதே முறைதான். நம் பக்கத்துக் கேரம் பலகையையே எடுத்துக்கொள்ளுங்கள். 25 புள்ளி ஆட்டத்தில் முதலாமவர் இரண்டாமவருக்கு 5 புள்ளியும், இரண்டாமவர் மூன்றாமவருக்கு 5 புள்ளியும் விட்டுக்கொடுக்க முடியுமென்றால், இரு விகிதங்களும் 5:4, பெருக்கினால் 25:16. ஆகவே முதலாமவர் மூன்றாமவருக்கு விட்டுக்கொடுக்கக்கூடியது 10 அல்ல, 9 புள்ளி. உண்மையான பலகையில் ரெட் காய் விழுவது எந்த விகிதத்துக்கும் கட்டுப்படாது என்பது வேறு விஷயம், தேர்வுத்தாளில் கட்டுப்படும்.

பதில் – ராயபுரம்
ஒன்று விட்டுப்போயிற்று. "10 மீட்டரில், அதாவது 2 நொடியில் வென்றார்" என்று வந்தால், அந்த 10 மீட்டரை 2 நொடியில் கடப்பவர் தோற்றவரே. அவர் வேகம் நொடிக்கு 5 மீட்டர், 100 மீட்டருக்கு அவருக்கு 20 நொடி, வென்றவருக்கு 18 நொடி.